குளிரில் உறங்கும் கருவாட்டு வண்டு

தாப்பாவிலிருந்து பழைய மலைப்பாதையில் கேமரன் மலைக்கு ஏறுவோர் முதலில் காணும் ஊர் ரிங்லெட். 1929-ல் தொடங்கப்பட்ட போ தேயிலைத் தோட்டம் இதன் அருகில்தான் இருக்கிறது. கடல் எங்கோ கீழே இருந்தாலும், கருவாடு இல்லாத தோட்டத்து வீட்டை இங்கே காண்பது அரிது. மழை விடாமல் கொட்டி, கடைக்கும் இறங்க முடியாத நாளில் இரண்டு துண்டுக் கருவாடும் நான்கு கத்தரிக்காயும் இருந்தால் குழம்புக்குக் கவலையில்லை. அதனால்தான் சம்பள நாளில் வாங்கும் சாமான்களில் அரிசி, பருப்பு, எண்ணெய்க்கு அடுத்து கருவாட்டுப் பொட்டலம் இடம் பிடித்து வந்திருக்கிறது.

மலைக் குளிரில் கருவாடு கெடாது என்பது இங்குள்ளோரிடம் ஊறிப்போன நம்பிக்கை. அந்த நம்பிக்கை உடையும்போது கடையில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரியாகத்தான் இருக்கும்.

"என்னண்ணே, போன மாசம் வாங்கிட்டுப் போன கருவாடு உள்ளுக்குள்ள பொடிப்பொடியாப் போச்சு. இந்தக் குளிர்ல பூச்சி எப்படிண்ணே வரும்?"

"இங்க வந்த பூச்சி இல்ல தங்கச்சி. கீழ இருந்தே வந்திருக்கும்."

வியாபாரி தப்பித்துக்கொள்ளச் சொல்லும் பதில்போலத் தோன்றினாலும், இதில் பாதி உண்மை இருக்கிறது. அந்தக் கருவாடு ரிங்லெட் வீட்டில் எந்த மூலையில் வைக்கப்பட்டிருந்தது என்பதுதான் மீதிப் பாதி.

கருவாட்டைத் தின்னும் வண்டுகளில் முக்கியமானவை இரண்டு வகை. முதலாவது, அறிவியலார் 'டெர்மெஸ்டிஸ்' என்று அழைக்கும் தோல் வண்டு. கறுப்பு அல்லது கரும்பழுப்பு நிறத்தில் அரிசி மணியைவிடச் சற்றுப் பருத்திருக்கும். உண்மையான சேதத்தைச் செய்வது இதன் புழு. உடல் முழுவதும் மயிர் சிலிர்த்த, பழுப்பு நிறப் புழு அது. வெளிச்சத்தைக் கண்டால் உள்ளே ஓடிவிடும். செவுள் மடிப்பிலும் வயிற்றுப் பிளவிலும் புகுந்து, தோலையும் முள்ளையும் விட்டுவிட்டுச் சதையை மட்டும் தின்று தீர்க்கும். வெளியே பார்த்தால் மீன் முழுசாக இருக்கும். கையில் எடுத்தால் காற்றாக இருக்கும்.

இரண்டாவது, 'நெக்ரோபியா' எனப்படும் செங்கால் வண்டு. உடல் நீலமும் பச்சையும் கலந்து உலோகம்போல் மின்னும், கால்கள் செந்நிறம். கொப்பரையிலும் இதைக் காணலாம். கொழுப்பு மிகுந்த மீன் இதற்கு மிகவும் பிடிக்கும். தோல் வண்டின் முட்டைகளையும் இளம்புழுக்களையும்கூட இது தின்றுவிடும். அதற்காக இதை நண்பன் என்று எண்ண வேண்டியதில்லை. கருவாட்டையும் சேர்த்தே தின்னும்.

இந்த இரண்டும் மனிதனோடு நெடுங்காலமாக ஒட்டி வாழ்பவை. எகிப்திய மம்மிகளின் துணிக்கட்டுகளுக்குள் இவற்றின் மிச்சங்கள் கிடைத்திருக்கின்றன. செங்கால் வண்டின் நெருங்கிய உறவான செங்கழுத்து வண்டு ஓர் உயிரையே காப்பாற்றியிருக்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் போர்தோ நகரில் சிறைப்பட்டிருந்த லத்ரேய் என்ற பாதிரியார், தம் அறையின் தரையில் ஓர் அபூர்வ வண்டைக் கண்டார். சிறை மருத்துவர் வழியாக அந்த வண்டு வெளியே இருந்த இயற்கை ஆய்வாளர் ஒருவரைச் சென்றடைய, பாதிரியாரின் அருமை தெரிந்து அவருடைய விடுதலைக்கு முயற்சி நடந்தது. பிற்காலத்தில் அவர் உலகம் போற்றும் பூச்சியியல் அறிஞரானார். இது அந்த வண்டு வகையின் பெருமை. கருவாட்டுச் சட்டியில் அதன் வேலை வேறு.

எந்தப் பூச்சிக்கும் மனிதனைப்போல் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ளும் திறன் கிடையாது. சுற்றுப்புறம் சூடானால் அதன் உடல் வேகமாக இயங்கும், குளிர்ந்தால் மந்தமாகிவிடும். தோல் வண்டுக்கு மிகவும் ஏற்றது 30 முதல் 35 பாகை செல்சியஸ். இந்தச் சூட்டில் முட்டை புழுவாகி, புழு கூட்டுப்புழுவாகி, வண்டாக வெளிவரச் சுமார் ஐந்து ஆறு வாரங்கள் போதும். 20 பாகைக்கு இறங்கினால் அதே வளர்ச்சிக்கு மூன்று மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். அதற்கும் கீழே போனால் இனப்பெருக்கம் ஏறக்குறைய நின்றுவிடும். செங்கால் வண்டு இன்னும் சூடு விரும்பி. சுமார் 22 பாகைக்குக் கீழே அது தழைப்பதில்லை.

இந்த எண்களைக் கேமரன் மலையின் வெப்பநிலையோடு பொருத்திப் பார்க்க வேண்டும். சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் உள்ள தானா ராத்தாவில் ஆண்டுச் சராசரி ஏறத்தாழ 18 பாகை. ரிங்லெட் அதைவிடச் சில நூறு மீட்டர் தாழ்வு. நூறு மீட்டர் இறங்கினால் அரை பாகைக்குச் சற்று மேல் சூடு கூடும் என்பது பொதுக் கணக்கு. ஆக, ரிங்லெட்டின் சராசரி 20 பாகையை ஒட்டி நிற்கிறது. தோல் வண்டு வளரலாமா வேண்டாமா என்று தயங்கும் எல்லைக்கோடும் அதே 20 பாகைதான். காடுகள் திருத்தப்பட்டதாலும் உலக வெப்ப உயர்வாலும் கேமரன் மலை முன்னைப்போல் குளிர்வதில்லை என்பதையும் இதோடு சேர்த்து எண்ண வேண்டும். எல்லைக்கோட்டில் நிற்கும் ஊருக்கு ஒரு பாகைகூடச் சிறிய மாற்றமல்ல.

கடைக்காரர் சொன்ன பாதி உண்மைக்கு வருவோம். பேராக் கரையிலுள்ள பாங்கோர் தீவு நெத்திலிக்குப் பேர்போனது. பிடித்த நெத்திலியைப் படகிலேயே உப்புநீரில் வேகவைத்து, கரையில் காயப்போடுகிறார்கள். பெரிய மீன்களைப் பிளந்து உப்பிட்டுக் காயவைப்பதும் கடற்கரை ஊர்களில்தான். அங்கே பகலில் 30 பாகைக்கு மேல் வெயில். வண்டுக்கு அதுவே சொர்க்கம். காய்ந்த மீன் மூட்டையாகக் கிடங்கில் கிடக்கும் நாள்களில் வண்டு பறந்து வந்து முட்டையிட்டுவிடுகிறது. முட்டை சிறியது; மடிப்புக்குள் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. அந்த மூட்டை தாப்பா வந்து, வளைவு வளைவாக மலையேறி ரிங்லெட் கடையில் இறங்குகிறது. அங்கே குளிர் முட்டையையும் புழுவையும் மந்தப்படுத்துகிறது. ஆனால் கொல்வதில்லை. 18 பாகையோ 20 பாகையோ பூச்சியைச் சாகடிக்கும் குளிரே அல்ல. அதைத் தூங்க வைக்கும் குளிர்.

தூங்கும் பூச்சியை எழுப்புவது யார் என்ற கேள்விக்கு முன், ஈரத்தின் கதையைப் பார்த்தாக வேண்டும். ரிங்லெட் மக்கள் கருவாட்டைச் சூடான இடத்தில் வைப்பதற்குக் காரணமே அந்த ஈரம்தான்.

75 என்ற எண்

சமையல் உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்து நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்விடுவது இதனால்தான். கேமரன் மலையில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 90 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஆகவே உப்புக் கருவாட்டை இங்கே திறந்து வைத்தால் அது காயாது. நாளுக்கு நாள் நனையும். கடற்கரையில் மொறுமொறுவென்று இருந்த துண்டு இங்கே இரண்டு நாளில் தொய்ந்துவிடும். எடையும் கூடும். அப்படி நனைந்த கருவாட்டைக் கிலோக் கணக்கில் வாங்குபவர் மலைக்காற்றின் தண்ணீருக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறார்.

நனைந்த பிறகு வருவது வண்டு அல்ல, பூஞ்சணம். மீனின் மேல் மிளகுப்பொடி தூவியதுபோல் பழுப்புப் புள்ளிகள் தோன்றும். உப்பைத் தாங்கி வாழும் இந்தப் பூஞ்சணத்துக்கு வெயில் தேவையில்லை. மலைச் சூடே போதும். சில வேளை இளஞ்சிவப்பாகப் பிசுபிசுப்பு படரும். அது உப்பிலேயே பிறந்து வளரும் ஒருவகை நுண்ணுயிர். கொச்சியில் 1957 முதல் இயங்கிவரும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்த இரண்டையும் தடுக்க, கால்சியம் புரோப்பியோனேட் கலந்த பொடியுப்பைத் தூவும் முறையைப் பரிந்துரைத்தது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மழை மாதங்களில் கருவாட்டு வியாபாரிகள் படும் பாடு அப்படி.

ஈரத்தை நாடி வரும் இன்னொன்று 'மைட்' என்ற மிகச் சிறிய பூச்சி. தனியாகக் கண்ணில் படாது. கருவாட்டின் மேல் படிந்த சாம்பல் நிறத் தூள் மெல்ல அசைவதுபோல் தெரிந்தால் அது மைட் கூட்டம். வண்டு விரும்பும் கடும் சூடு இதற்கு வேண்டாம். 20 முதல் 25 பாகையும் 80 விழுக்காட்டுக்கு மேல் ஈரமும் இருந்தால் கொழிக்கும். அதாவது, வண்டுக்குக் குளிராகத் தெரியும் ரிங்லெட் இதற்குச் சொந்த ஊர் மாதிரி. இதில் வேடிக்கை என்னவென்றால், இதற்குச் சிறகு கிடையாது; தோல் வண்டின் உடம்பில் ஒட்டிக்கொண்டு ஊர்விட்டு ஊர் போகிறது. வண்டு ஒரு மூட்டையிலிருந்து அடுத்த மூட்டைக்குப் பறந்தால் இதுவும் செலவில்லாமல் பயணம் செய்துவிடும்.

ஈரம் வண்டையும் விட்டுவைப்பதில்லை. ஈரம் குறைந்த இடத்தில் தோல் வண்டின் புழு வளரக் கூடுதல் நாள் எடுத்துக்கொள்கிறது. கூடுதல் தடவை தோலுரிக்கிறது. பல புழுக்கள் இறந்தும் போகின்றன. பெண் வண்டுக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைத்தால் முட்டைகளின் எண்ணிக்கை பல மடங்கு கூடும் என்பது ஆய்வகங்களில் கண்ட உண்மை. கசியும் உப்புக் கருவாட்டிலோ, மூட்டைக்குப் பக்கத்தில் ஒழுகும் கூரையிலோ அதற்கு வேண்டிய தண்ணீர் கிடைத்துவிடும்.

அடுப்புக்கு மேலே

நனைந்த கருவாட்டைக் காப்பாற்றத் தோட்டத்து மக்கள் கண்ட வழி, அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுவது. விறகடுப்புக் காலத்தில் அது நல்ல வழிதான். அதன் காரணத்தை ஒரு சிறு கணக்கால் விளக்கலாம். 20 பாகைச் சூட்டில் 90 விழுக்காடு ஈரமுள்ள காற்றை அப்படியே 27 பாகைக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீர் குறையாமலே ஈரப்பதம் சுமார் 60 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். சூடான காற்று கூடுதல் நீரைத் தாங்கும் என்பதால் இப்படி நடக்கிறது. 60 என்பது உப்பு கசியும் 75-க்கு நன்றாகக் கீழே. ஆகவே அடுப்புக்கு மேலே கருவாடு காய்கிறது. அதோடு விறகுப் புகை மீனின் மேல் படிந்து பூஞ்சணத்தைத் தடுக்கும். வண்டையும் ஓரளவு விரட்டும். தினமும் இரண்டு வேளை அனல் ஏறும்போது அந்த இடத்தின் சூடு வண்டு தாங்கும் அளவையே தாண்டியும் போகும்.

எரிவாயு அடுப்பு வந்தபின் அந்த இடத்தின் குணம் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. எரிவாயுவில் புகை இல்லை. அது எரியும்போதே நீராவி உண்டாகிறது. சோற்றுப்பானை ஆவியும் அதோடு சேர்கிறது. காய வேண்டிய கருவாடு ஆவியில் வேகிறது. நாள் முழுவதும் 26, 27 பாகை வெதுவெதுப்பும் போதிய ஈரமும் சேர்ந்த அந்த மூலைதான் ரிங்லெட்டில் வண்டுக்குக் கிடைக்கும் சின்னக் கடற்கரை. குளிர்பதனப் பெட்டியின் பின்புறமும் அப்படித்தான். இயந்திரச் சூட்டில் இரவும் பகலும் கதகதப்பாக இருக்கும். பெட்டிக்குள் வைக்க வேண்டியதைப் பெட்டிக்கு மேல் வைத்துவிட்டு, பூச்சி எங்கிருந்து வந்தது என்று கேட்பது நியாயமில்லை. கீழிருந்து தூங்கிக்கொண்டே வந்த முட்டையை எழுப்புவது இந்த மூலைகள்தாம்.

உப்பின் பங்கையும் சொல்லியாக வேண்டும். காய்ந்த மீனின் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குக்கு மேல் உப்பிருந்தால் பரவலாகக் காணப்படும் தோல் வண்டு வகை நன்றாக வளர்வதில்லை. இதைவிடக் கூடுதல் உப்பைத் தாங்கும் இன்னொரு தோல் வண்டு வகையும் உண்டு என்பதால் உப்பை மட்டும் நம்பவும் முடியாது. இரத்த அழுத்தத்துக்கு அஞ்சி உப்புக் குறைந்த கருவாட்டைத் தேடி வாங்குவோருக்கு ஒரு சிக்கல் இங்கே இருக்கிறது. உடம்புக்கு நல்லதான அந்தக் கருவாடு வண்டுக்கும் நல்லது. அப்படிப்பட்டதைக் கொஞ்சமாக வாங்கி, குளிர்பதனப் பெட்டியிலேயே வைத்துக்கொள்வது உத்தமம்.

மருந்துப் புட்டி வேண்டாம்

கேமரன் மலையில் இந்தப் பேச்சு சமையலறையோடு முடிந்துவிடுவதில்லை. பள்ளத்தாக்கெங்கும் காய்கறித் தோட்டங்களும் பூந்தோட்டங்களும் நிறைந்த இடம் இது. பூச்சி மருந்துப் புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். முட்டைக்கோசுப் புழு சாகிறது, கருவாட்டுப் புழு சாகாதா என்ற எண்ணம் எழுவது இயல்பு. கொசுவுக்கு அடிக்கும் மருந்தைக் கருவாட்டு மூட்டையின் மேல் ஒருமுறை அடித்தால் என்ன என்றும் தோன்றலாம்.

இது உயிரோடு விளையாடும் வேலை. செடியில் தெளித்த மருந்து வெயிலிலும் மழையிலும் சிதைய நாள் கொடுத்த பிறகே காய் பறிக்கப்படுகிறது. கருவாட்டுக்கு அந்த வாய்ப்பு இல்லை. பல மருந்துகள் கொழுப்பில் கரைபவை. மீனின் எண்ணெயில் கலந்துவிட்டால் எத்தனை தண்ணீரில் கழுவினாலும் போகாது. குழம்பில் கொதித்தாலும் முழுமையாக அழியும் என்று சொல்ல முடியாது. வங்காளதேசத்தில் விற்பனைக்கு வந்த கருவாட்டில் டிடிடி போன்ற மருந்துகளின் எச்சம் இருந்ததை அந்நாட்டு ஆய்வாளர்கள் பலமுறை கண்டறிந்திருக்கிறார்கள். வண்டு தின்ற கருவாட்டால் போவது காசு. மருந்தடித்த கருவாட்டால் போவது குழந்தையின் நரம்பும் ஈரலும்.

அதே வங்காளதேசத்திலிருந்து நல்ல செய்தியும் உண்டு. 1977-ல் டோ என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் மூங்கில் சட்டத்தில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திய ஒரு கூடாரத்தை அங்கே செய்து காட்டினார்கள். உள்ளே சூடு 45 பாகைக்கு மேல் ஏறியதால் மீன் விரைவாகக் காய்ந்தது, ஈப்புழுக்களும் இறந்தன. மருந்தே இல்லாமல் வெயிலையே ஆயுதமாக்கிய முறை அது. மேகம் மூடிய ரிங்லெட்டில் இதைத் தினமும் நம்ப முடியாது என்பது வேறு விஷயம்.

ரிங்லெட் வீட்டுக்கு ஏற்ற முறை இரண்டு படி. இவற்றின் வரிசை மாறக்கூடாது. முதலில் பூச்சியைக் கொல்ல வேண்டும். பிறகுதான் ஈரம் புகாமல் மூட வேண்டும். கொல்லாமல் மூடினால் பூச்சியை உள்ளே வைத்துப் பூட்டியதாகும்.

கொல்வதற்கு எளிய வழி, குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதி. கருவாட்டைச் சிறு பொட்டலமாகக் காற்றுப்புகாமல் கட்டி, பூஜ்யத்துக்குக் கீழே 18 பாகையில் ஒரு வாரம் வைத்தால் முட்டையிலிருந்து வண்டு வரை எல்லாம் இறந்துபோகும். பெட்டியின் கீழ்த்தட்டில் வைப்பது போதாது. அங்குள்ள 4 பாகையில் வளர்ச்சி நிற்குமே தவிர, உடனே சாவு வராது. வெளியே எடுத்ததும் பொட்டலத்தை அவிழ்த்துவிடக் கூடாது. சில்லென்ற மீனின் மேல் மலைக்காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படிந்துவிடும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே அவிழ்க்க வேண்டும். உறைபகுதி இல்லாதவர்கள் வாணலியில் எண்ணெய் விடாமல் மிதமான தீயில், துண்டின் நடுப்பகுதி கை பொறுக்காத அளவு சுடும் வரை புரட்டி எடுக்கலாம். 55 பாகைக்கு மேல் உள்வரை சூடேறி அரை மணி நேரம் நின்றால் எந்தப் பருவத்துப் பூச்சியும் தப்பாது.

மூடுவதற்கு இறுக்கமான மூடியுள்ள டின்னோ கண்ணாடிப் புட்டியோ வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் பை வண்டுக்குத் தடையே அல்ல. கூட்டுப்புழுவாக மாறும் பருவத்தில் தோல் வண்டின் புழு மரத்தையே குடைந்து புகலிடம் தேடும். மிளகாய் வற்றல், வேப்பிலை, மஞ்சள்தூள் போடுவதில் தவறில்லை. ஆனால் அவை விரட்டும். ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவை ஒழிக்காது.

மரத்தைக் குடையும் இந்தக் குணம் கடைக்காரருக்குத்தான் கூடுதல் தலைவலி. பழைய மூட்டை விற்றுத் தீர்ந்தாலும் பலகைத் தட்டின் துளைகளில் கூட்டுப்புழு ஒளிந்திருக்கும். புது மூட்டை இறங்கியதும் அதிலிருந்து வெளிவரும் வண்டு நேராக அங்கே போய்விடும். புது மூட்டையைப் பழசின் மேல் அடுக்காமல், தரையிலும் சுவரிலும் ஒட்டாமல், வரும் முன்னரே தட்டுகளைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்து நன்றாகக் காயவைத்திருந்தால் சேதம் பெருமளவு குறையும். இருபது கிலோ மூட்டையை மூன்று மாதம் வைத்து விற்பதைவிட, ஐந்து கிலோவாக அடிக்கடி வரவழைப்பது ஏற்றிவரும் கூலியைக் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் 20 பாகையில் வண்டு ஒரு தலைமுறை முடிக்க எடுத்துக்கொள்வதும் ஏறக்குறைய அதே மூன்று மாதம் என்பதைக் கணக்கில் சேர்த்தால், கூலி அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

கேமரன் மலையில் சனவரியும் பிப்ரவரியும் மழை குறைந்த மாதங்கள். அந்நாள்களில் வெயில் தெளிந்த நண்பகலில், கறுப்புத் தகரத்தின் மேல் கருவாட்டைப் பரப்பி இரண்டு மூன்று மணி நேரம் காட்டலாம். மூன்று மணிக்கு மேல் மூடுபனி இறங்கும் முன் எடுத்துவிட வேண்டும். சூடு ஆறியதும் டின்னில் போட்டு மூடிவிட வேண்டும். மாலை வரை விட்டால் பகலில் போன ஈரம் முழுவதும் திரும்பி வந்துவிடும்.